குரல் இருந்த டிஸ்க்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றால் நான் ஒருத்திதான். வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸுக்குப் பின்னால் ஏ.சி. போட்ட ஒரு சின்ன அறை. அதில் இரண்டு சர்வர்கள், ஒரு நாற்காலி. கோடையில் உலைப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு அங்கே கொஞ்ச நேரம் நின்று போவார்கள். டைம் ஆபீஸில் வேலை பார்த்த, நான் அண்ணா என்று கூப்பிடும் ஒருவர் மட்டும் காரியமாக வருவார். கம்பெனி ஒலிபெருக்கியில் வரும் அறிவிப்பெல்லாம் அவர் குரல்தான். அதை அந்த அறையில்தான் பதிவு செய்வோம். கதவைச் சாத்திவிட்டால் உலைச் சத்தம் கேட்காது. சர்வரின் இரைச்சல் மட்டும் அடியில் ஓடிக்கொண்டிருக்கும்.

"பொன்னேரி வழியாகச் செல்லும் வண்டி இரண்டாம் வாயிலில் நிற்கிறது. இருக்கையில் பையை வைத்து இடம் பிடிக்க வேண்டாம்." ஷிஃப்ட் முடியும்போது இந்தக் குரல் கேட்டதும் ஆலை முழுக்க ஆட்கள் கைகழுவக் கிளம்புவார்கள். அவர் லீவில் இருந்தாலும் குரல் மட்டும் வேலைக்கு வந்துவிடும். வாசல் டீக்கடையில் நின்று தன் அறிவிப்பைத் தானே கேட்டுவிட்டு, "இன்னா மேடம், நல்லாத்தான் பேசறான்ல?" என்று வேறு யாரையோ சொல்வதுபோலச் சொல்வார்.

பிறகு கம்பெனி மூடப்பட்டது. கணக்கு இருந்த சர்வரைத் தலைமை அலுவலகம் எடுத்துக்கொண்டது. ஆயுத பூஜைப் படங்களும் அறிவிப்புகளும் இருந்த சின்ன சர்வரை யாரும் கேட்கவில்லை. அது காயலான் கடைக்குப் போவதற்கு முன், ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கட்டும் என்று ஒரே தகவலை ஏற்றியிருந்த இரண்டு டிஸ்க்குகளையும் கழற்றிக்கொள்ளலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். "எடுத்துக்குங்க, அதுல என்ன இருக்கு?" என்றார். திருவள்ளூரை ஒட்டிய காக்களூரில் உள்ள என் வீட்டு பீரோவில், புடவைகளுக்கு அடியில் துணிப்பையில் சுற்றி வைத்தேன்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அண்ணா மனைவியோடு என் வீட்டுக்கு வந்தார். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. நான் பேசப் பேச அவர் சிரித்தார், தலையாட்டினார், ஒரு வார்த்தை பேசவில்லை.

"தொண்டையில கட்டி மேடம்," என்றார் அவர் மனைவி. "ஆப்பரேசன் பண்ணிட்டாங்கோ. உசுரு தப்பிச்சிது. கொரலு போயிடுச்சு."

அண்ணா போனை எடுத்து மெதுவாக எதையோ அடித்து என் பக்கம் நீட்டினார். "என் கொரல் எப்டி இருந்துச்சுன்னு எனக்கே மறந்துகினு வருது மேடம். பழைய அறிவிப்பு எதுனா உங்ககிட்ட இருக்குதா?"

"போன்ல எதுவும் இல்லையா அண்ணா?"

"இவரு மத்தவங்கள வீடியோ புடிப்பாரு, அதுல வாயத் தொறக்க மாட்டாரு," என்றார் மனைவி.

பீரோவைத் திறந்து துணிப்பையை எடுத்து வந்து காட்டினேன். அவர் ஒரு டிஸ்க்கைக் கையில் வாங்கி, அதன் கனத்தைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "கிடைச்சதும் கூப்பிடறேன்," என்று சொல்லி அனுப்பினேன்.

சுலபமாக முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அன்று மாலையே வீட்டுக் கம்ப்யூட்டரைப் பிரித்தேன். சர்வரில் போடும் சாஸ் (SAS) வகை டிஸ்க்குகள் அவை. பார்வைக்கு வீட்டு டிஸ்க் மாதிரியே இருக்கும். ஆனால் வீட்டு டிஸ்க்கில் டேட்டா கேபிள் சொருகும் இடத்துக்கும் பவர் சொருகும் இடத்துக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. சாஸ் டிஸ்க்கில் அது அடைத்திருக்கும். என்னிடம் இருந்த கேபிள் உள்ளேயே போகவில்லை. இதை மாற்றிக் கொடுக்கும் ஒரு குட்டி அடாப்டர் ஆன்லைனில் கிடைத்தது. அதை மாட்டினேன். டிஸ்க் சுற்றியது, சூடானது. கம்ப்யூட்டர் மட்டும் அப்படியொன்று இருப்பதையே காட்டவில்லை. பிளக் பொருந்தினாலும் வீட்டு மதர்போர்டுக்கு சாஸ் டிஸ்க்கோடு பேசத் தெரியாது, தனியாக ஒரு கார்டு வேண்டும் என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஒரு காலத்தில் எனக்கு மனப்பாடமாக இருந்த விஷயம்.

ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். பழைய சர்வர் சாமான் விற்கும் கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஊட்ல போய் இன்னாத்துக்கு மேடம் சாஸ்? சத்தம் வேற பேஜாரா இருக்கும்."

"ஒருத்தரோட குரல் அதுல இருக்கு. அவருக்கு இப்ப பேச்சு போயிடுச்சு."

அவர் ஏணியில் ஏறி ஒரு கார்டையும் அதற்கான கேபிளையும் எடுத்து வந்தார். "ரெண்டு டிஸ்க்லயும் ஒரே சரக்குதானே ஏத்தியிருந்தீங்க? அப்ப ஒரு டிஸ்க் ஓடினா போதும். இந்தக் கார்டு டிஸ்க்க அப்டியே காட்டும், வேற வேல பண்ணாது. ஆனா கொதிக்கும், காத்து குடுங்க."

வீட்டுக்கு வந்து, கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு அது இருந்த நீள ஸ்லாட்டில் இதைச் சொருகினேன். பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்தே வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பி விட்டேன். முதல் டிஸ்க் டக் டக்கென்று தட்டிவிட்டு அடங்கிவிட்டது. மறுபடி போட்டேன், மறுபடி அதே தட்டல். இரண்டாவதை மாட்டி, ஃபேனை இன்னும் கிட்டே நகர்த்திவிட்டு சுவிட்சைப் போட்டேன்.

போட்டதும் தாழ்ந்த குரலில் ஆரம்பித்து ஏறிக்கொண்டே போய், ஒரு உயரத்தில் நிலைத்து நின்றது இரைச்சல். அதைக் கேட்டு எத்தனை வருஷமாயிற்று! ஏ.சி.யின் குளிர், கம்பெனி கேன்டீன் சாம்பார் வாசனை, பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் வரும் பஸ்ஸில் தூங்கி வழிந்த மாலைகள், எல்லாம் ஒரே நொடியில் வந்துவிட்டன. திரையில் டிஸ்க்கின் பெயர் வந்திருந்ததையே தாமதமாகத்தான் கவனித்தேன். எதையும் எழுதிவிடாதபடி, படிக்க மட்டும் திறந்தேன். அறிவிப்பு ஃபோல்டர் இருந்தது. அதை நான் போட்டுக் கேட்கவில்லை. அவர்தான் முதலில் கேட்கவேண்டும் என்று தோன்றியது. அவர் மனைவிக்குப் போன் செய்தேன்.

மறுநாள் காலையிலேயே இருவரும் வந்துவிட்டார்கள். ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பி, பொன்னேரி வண்டி அறிவிப்பைப் போட்டேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உதடுகள் கூடவே அசைந்தன. முடிந்ததும் மனைவியைப் பெருமையாகப் பார்த்தார்.

அந்த அம்மாவின் முகத்தில் ஒன்றுமே இல்லை. இன்னும் இரண்டு போட்டேன். சோழவரம் வண்டி, ஹெல்மெட் அணிய வேண்டுகோள். "இது யாரோ ரேடியோல பேசறாப்ல கீது மேடம்," என்றார் கடைசியில். "ஊட்ல இவரு ஒரு நாளும் இப்டி பேசினது இல்ல."

அண்ணாவின் முகம் வாடியதைப் பார்த்தேன். எனக்கும் சங்கடமாகிவிட்டது. ஃபோல்டரில் மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனேன். வெட்டிச் சரிசெய்யாத ஒரு பதிவும் அதில் இருந்தது. "அன்பான தொழிலாளர்களே, நாளை முதல்..." என்று ஆரம்பித்த குரல் பாதியில் நின்றது. போன் மணி அடித்தது. பின்னால் நான் சிரிப்பது கேட்டது. பிறகு அவர், வேறு ஒரு குரலில்:

"இன்னாமே... ஆங், சோறு துன்னுட்டேன்... ரெக்கார்டிங்ல கீறேன்மே, மேடம் எதிர்ல உக்காந்துகினு கீறாங்க... சரி, சரி. மீன் வாங்கியாந்துட்டியா? வஞ்சிரமா? அப்ப நான் வர்ற வரைக்கும் வறுக்காத. சூடா வேணும். வெய்யில்ல அலையாத, படு கொஞ்சம்."

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அண்ணா வெட்கப்பட்டு ஸ்பீக்கரைக் கையால் மூடப் பார்த்தார். மனைவி அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"இதான்," என்றார். "இத என் போன்ல ஏத்திக் குடுங்க மேடம். மத்ததெல்லாம் இவருக்குக் குடுங்க."

இருவர் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். டீ போட நான் உள்ளே போனபோது, கூடத்தில் அந்த அம்மா தன் போனில் அதை மறுபடி ஓடவிட்டிருந்தார். "வஞ்சிரமா?" என்று குரல் கேட்டதும், "ஆமாய்யா, வஞ்சிரம்தான்," என்று பதில் சொன்னார்.