எட்டுக் கட்டத்தில் மருந்து

கொட்டகலை பஜாரில் ஒரு தனியார் கிளினிக்கில் நம்பர் கொடுக்கிற வேலை பெற்றீசியாவுக்கு. அவளை ஹட்டனில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்க வைத்தது அம்மா பறித்த தேயிலைக் கொழுந்து. படிப்புக்கேற்ற வேலை கிடைக்கவில்லை. கிடைத்த வேலையில் கண்ணை மூடிக்கொண்டிருக்கவும் அவளால் முடியவில்லை.

கவுன்டரில் உள்ளங்கை அகலத்தில் ஒரு திரை. மணி அடித்ததும் நம்பர் வரும். டாக்டரிடம் போவதா, மருந்து ஜன்னலுக்குப் போவதா என்பது ஆங்கிலத்தில் வரும். ஒருநாள் தோட்டத்திலிருந்து வந்த சண்முகவடிவு, காய்ச்சலோடு மருந்து ஜன்னலில் ஒரு மணிநேரம் நின்றார். டாக்டரிடம் அவருடைய முறை வந்து, போயும் போய்விட்டது.

"போர்டைப் பாக்கத் தெரியாதா?" என்று மருந்து கொடுப்பவர் கத்தினார்.

"தெரியிற மாதிரி போட்டிருக்கீங்களா?" என்று பெற்றீசியா திருப்பிக் கேட்டாள்.

திரையைப் பொருத்திய டெக்னீஷியனை போனில் பிடித்தாள். "தமிழெல்லாம் இதுல வராது தங்கச்சி. நம்மளா வரைஞ்சு ஏத்த எட்டே எட்டு கட்டம்தான் இருக்கு."

எட்டு போதாதா? கொப்பியில் கோடு போட்டுப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் குறுக்கே ஐந்து புள்ளி, நெடுக்கே எட்டு. எழுத்துக்கு இரண்டு கட்டம் என்றால் ம, ரு, ந், து. கச்சிதமாக எட்டு! 'டாக்டர்' வேண்டும்போது பழையதை அழித்துப் புதிதாக ஏற்றினால் ஆயிற்று.

மதியச் சாப்பாட்டு நேரங்களில், கம்ப்யூட்டரின் சீரியல் போர்ட்டிலிருந்து திரைக்குப் போகும் வயர் வழியே புள்ளிகளை அனுப்பினாள். முதலில் வெறும் கிறுக்கல். அவள் எழுதிய புரோகிராம் அனுப்பும் வேகம் ஒன்று, திரை வாங்கும் வேகம் வேறு. அதைச் சரிசெய்த நான்காம் நாள், '23 மருந்து' என்று பச்சை வெளிச்சத்தில் வந்து நின்றது.

மெனேஜர் பார்த்துவிட்டார். "யாரக் கேட்டு கை வச்சீங்க? இப்பவே அழிங்க."

"இங்கிலீசு கீழ்வரியில அப்படியே இருக்கு சேர்."

"அழிங்கன்னு சொன்னேன்."

"நான் அழிக்க மாட்டேன். வேணும்னா இவங்க முன்னால நீங்களே அழிங்க."

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் அவரைப் பார்த்தார்கள். மணி அடித்தது. பொன்னையா என்ற பெரியவர் எழுந்து, எழுத்துக்கூட்டி வாசித்து, யாரையும் கேட்காமல் மருந்து ஜன்னலுக்குப் போனார். மெனேஜர் உள்ளே போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து அவரே வந்தார். "ராகலையில இருக்கிற நம்ம மத்த கிளினிக்லயும் தமிழ் போட ஏலுமா?"

"போடலாம் சேர். ஆனா நம்பர் குடுக்கிற புள்ளயா வர மாட்டேன். டெக்னீஷியன்னு லெட்டர் குடுங்க."

கடிதம் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை அவள் ராகலைக்கு பஸ் ஏறவில்லை.