நான் கேட்ட வருமானச் சான்று

சுரங்க அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் பணியாளர் பிரிவில் இருந்தேன். விண்ணப்பங்களைச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு தாள் குறைந்தாலும் திருப்பி அனுப்புவேன். என் மேசையைத் தாண்டிப் போன கோப்பில் குறை இருக்காது என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயரோடுதான் ஓய்வுக்குப் பிறகு, இரண்டாயிரத்துப் பன்னிரண்டு, பதின்மூன்று வாக்கில், இலவச சட்ட உதவி மையத்தில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். சுரங்க ஊழியர்களுக்காகக் கட்டிய நகரியத்தில் ஒரு சிறிய அறை. சனிக்கிழமைகளில் மட்டும் திறப்போம். வருகிறவர்களிடம் விண்ணப்பம் எழுதி வாங்கி அனுப்பினால், அரசு செலவில் வக்கீல் அமர்த்துவார்கள்.

ஒரு சனிக்கிழமை ஒரு பெண் கோர்ட் சம்மனோடு வந்தாள். காடாம்புலியூர்ப் பக்கம். நகரியத்தில் கான்ட்ராக்டில் தெரு கூட்டுகிறவள். கணவன் இறந்து எட்டு மாதம், இரண்டு பெண் பிள்ளைகள். அவள் குடியிருந்த வீடு தனக்கே சொந்தம், காலி செய்யவேண்டும் என்று கணவனின் அண்ணன் வழக்குப் போட்டிருந்தான்.

"அடுத்த வாரம் போயி அதுக்கடுத்த புதன்கிழமை வாய்தா போட்டிருக்குதுங்க சார். வக்கீலு வெச்சிக் குடுப்பீங்கன்னு சொன்னாங்க."

"வைக்கலாம். வருமானச் சான்று எங்கே?"

"அது எதுக்குங்க சார்? கூட்டற வேலதான் செய்யறேன்."

"அதைச் சான்றிதழ் சொல்லணும்மா. நீ சொல்லக்கூடாது."

அந்தப் பதிலில் எனக்கு உள்ளூர ஒரு திருப்தி. அரசாங்கப் பணம், தகுதி இல்லாதவர்களுக்குப் போய்விடக்கூடாது என்று காவல் நிற்பதாக நினைத்துக்கொண்டேன். உண்மை என்னவென்றால், பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச வக்கீல் பெற அவர்களுக்கு உரிமை உண்டு. பயிற்சியில் கொடுத்த புத்தகத்தில் அது இருந்தது. நான் அதைப் படித்துமிருந்தேன். ஆனாலும் சான்று இல்லாத விண்ணப்பத்தை அனுப்ப என் கை வரவில்லை. வேறெந்தக் காரணமும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஒரு சான்றோடு வந்தாள். அது கணவன் பெயரில் இருந்த பழைய சான்று. உன் பெயரில் புதிதாக வாங்கி வா என்று திருப்பிக் கொடுத்தேன். வாய்தாவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. அவள் எழுந்து போகவில்லை.

"சார், புதன்கிழமை நான் மட்டும் போயி ஜட்ஜ் அய்யா முன்னால நிக்கட்டுங்களா? வூட்டுல இருக்கறது நாந்தான்னு சொல்றேன்."

"வக்கீல் இல்லாம போய் என்னத்தைப் பேசப்போறே? புதன்கிழமைதான் பண்ருட்டி தாலுகா ஆபீசுல சான்று குடுக்கற ஆள் இருப்பாங்க. போய்ச் சான்றை வாங்கு. வாய்தாவை எப்படியும் தள்ளிப் போட்டுருவாங்க."

யாரையும் கேட்காமல் சொன்னேன். எனக்குத் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

புதன்கிழமை அவள் தாலுகா அலுவலகத்தில் நின்றாள். நீதிமன்றத்தில் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். ஆள் வரவில்லை என்று எழுதி, மறுவாரமே அண்ணன்காரனின் சாட்சியத்தை மட்டும் கேட்டு, வீட்டைக் காலி செய்யும்படி தீர்ப்பாகிவிட்டது. குறையே இல்லாத கோப்பை நான் அனுப்பி, அவளுக்கு வக்கீல் கிடைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த வக்கீல் ஓர் இளம்பெண். போனில் கூப்பிட்டார்.

"சார், தீர்ப்பை ரத்து பண்ணச் சொல்லி முப்பது நாளுக்குள்ள மனு போடலாம். அன்னிக்கு ஏன் வரலைன்னு சரியான காரணம் காட்டணும். ஆமா, பொம்பளைக்கு எதுக்கு சார் வருமானச் சான்று? அதுக்காகவா இத்தனை நாள் ஆச்சு?"

"அந்தம்மாவே லேட்டாதான் வந்தா" என்றேன். "அன்னிக்கு ஜுரமாம்."

இந்த இரண்டு பொய்களும் யோசிக்காமலே வந்தன. இரண்டாவது பொய் பிரமாணப் பத்திரத்தில் ஏறியது. அவளிடம் நானே விளக்கினேன்.

"எனுக்கு ஜுரம் வரலீங்களே சார்."

"கோர்ட்டுல அப்படித்தான் எழுதுவாங்க. கேட்டா ஆமான்னு சொல்லு."

விசாரணை நாளில் நானும் போனேன். அன்று அவளைத் தாலுகா அலுவலகத்துக்கு அனுப்பியது நான்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தால் போதும். அதைவிட நல்ல காரணம் வேறில்லை. பஸ்ஸில் போகும்போதே அது எனக்குத் தெரிந்திருந்தது. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

கூண்டில் அவளை எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

"அன்னிக்கு ஜுரத்துல படுத்திருந்தியா? தாலுகா ஆபீசுல வரிசையில நின்னதை உன் கணவரோட அண்ணன் பார்த்திருக்காரே?"

"நின்னுகினுதாங்க இருந்தேன்" என்றாள்.

நீதிபதி நிமிர்ந்தார். "அப்போ ஜுரம்னு ஏன்மா எழுதியிருக்கே? ஜுரம்னு சொல்லச் சொன்னது யாரு?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு முறை. எழுந்திருக்க ஒரு நொடி போதும். நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய வக்கீலும் அவளைத்தான் பார்த்தார். அவருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"யாரும் சொல்லலீங்க அய்யா. நாந்தான்" என்றாள்.

அன்று மாலையே மனு தள்ளுபடியானது. பொய்க் காரணத்தோடு வந்தவர் சலுகை கேட்க முடியாது என்று உத்தரவு. மேல்முறையீட்டுக்கு வழி உண்டு என்று வக்கீல் சொன்னார். ஆனால் அதற்குள் வீடு கைமாறிவிடும் என்பது எங்கள் மூவருக்குமே தெரியும். அப்படித்தான் ஆனது. அந்த மாதக் கடைசியில் அவளும் பிள்ளைகளும் பாத்திரங்களோடு வெளியே வந்தார்கள்.

மனு தள்ளுபடியான அன்று நீதிமன்ற வாசலில் அண்ணன்காரன் எங்களைக் கடந்து போனான். "என்னா, ஜுரம் எறங்கிடுச்சா?" என்று சிரித்தான். அவள், அவன் போகட்டும் என்று காத்திருந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னருகில் வந்தாள்.

"தப்பு எம்மேலதாங்க சார். நீங்க சொல்லிக் குடுத்தாப்பல ஆமான்னு சொல்லியிருக்கணும். வாயில வரலீங்க. உங்களுக்கு வேற அலைச்சல்."

"பரவாயில்லம்மா" என்றேன்.