பாட்டு முடியும்வரை ஓடும் வான்

நான் வேலைக்கு ஓட்டும் வானின் பிளேயருக்குள் ஒரு சீடி இறுகிக் கிடக்கிறது. எடுக்கவும் முடியாது, மாற்றவும் முடியாது. ஒல்லாந்துப் பாட்டு, டச்சு மொழியில். என் மனைவியின் தம்பி போட்டது.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒற்றைத் தூரிகையோடு தொடங்கி இன்று சொந்தமாகப் பெயின்ற் கொம்பனி நடத்துகிறேன். இங்கே விட்பி நகரில் புது வீடு வாங்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள், சுவருக்கு நிறம் அடித்தது யார் என்று. பெருமைக்குச் சொல்லவில்லை, சொன்னாலும் பிழையில்லை. அப்படிப்பட்ட என் அதிகாரம், மச்சான் வானில் ஏறினால் மட்டும் செல்லாது. கனடாவுக்கு வருமுன் அவன் ஒல்லாந்தில் அகதியாக இருந்தவன். அங்கே காளான் பண்ணையில் வேலை செய்தபோது பிடித்துக்கொண்ட பாட்டுகள் இவை. ஒரு கிற்றார், ஒரு குரல். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் ஒரு சுவருக்கு முதல் பூச்சு அடித்துவிடலாம்.

"டேய், உது பாட்டே? ஆரும் செத்திட்டினமோ?"

"இல்லை அத்தான். தனியச் சமைச்சுச் சாப்பிடுறதைப் பாடுறான்."

"அதுக்கேன் உந்த அழுகை?"

"நீங்கள் தனியச் சமைச்சுச் சாப்பிட்டதில்லை அத்தான்."

வேலையிடம் வந்தாலும் பாட்டு முடியாமல் இஞ்சினை நிறுத்த விடமாட்டான். வீட்டுக்காரர் வாசலில் எங்களை முறைத்துக்கொண்டு நிற்பார். "அரைவாசியில நிப்பாட்டினா அந்த மனிசன் அங்கயே நிண்டிடுவான் அத்தான்" என்பான். எனக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் விளங்காத மொழியில் ஒருவன் கவலைப்படும்போது, நம்முடைய கவலையையும் அதற்குள் மெல்ல வைத்துவிடலாம். நான் வைத்திருக்கிறேன்.

மச்சான் இப்போது ஆஸ்பத்திரியில். மூளைக்குள் இரத்தம் கசிந்து விழுந்தவன் கண் திறக்கவேயில்லை. இயந்திரம்தான் அவனுக்காக மூச்சு விடுகிறது. அதை நிறுத்தலாமா என்று இன்று டொக்டர் என் மனைவியிடம் கேட்டுவிட்டார். அவள் தம்பியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"நீங்கள் சொல்லுங்கோ. எல்லாத்துக்கும் நீங்கள்தானே வழி கண்டனீங்கள்."

இந்த நாட்டில் எத்தனை பேரைப் பேசிச் சமாளித்த வாய் இது! "வானை வேற இடத்தில மாத்தி விட்டிட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தேன்.

வான் நின்ற இடத்திலேயே நிற்கிறது, இஞ்சின் ஓடுகிறது. அந்த மனிதன் தனியே சமைத்துக்கொண்டிருக்கிறான். மனைவி திரும்பத் திரும்ப போன் அடிக்கிறாள். பாட்டு முடிந்தால் நான் மேலே போகவேண்டும். கடைசி வரி வருமுன் மீண்டும் முதலிலிருந்து போடுகிறேன்.