கமுகம்பாளைத் தொப்பியும் ஏட்டின் தலையும்

தொப்பி செய்கிறவருக்குத் தேவைப்படுவது மனிதரின் தலை மட்டுமே. வாடிக்கையாளரோ தலையோடு வாயையும் சேர்த்தே கொண்டுவருகிறார். கையால் ஒரு பொருளைச் செய்து விற்றுப் பேச்சு வாங்கியிருக்கும் உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையே எல்லைப் போராட்டம் நடந்த ஆண்டுகளில், பாறசாலையிலிருந்து குளத்தூர் போகும் பாதையோரம், பாக்குமரம் உதிர்க்கும் கமுகம்பாளையில் தொப்பி செய்யும் கூடம் ஒன்றை நடத்தினேன். என்னோடு ஆறு பெண்கள் வேலை செய்தார்கள். பள்ளியிறுதித் தேர்வில் தேறியவள் என்பதால், ஒரு நாள்கூடப் பாடம் நடத்தாத என்னை ஊரார் டீச்சர் என்றே அழைத்தார்கள். நானும் மறுக்கவில்லை.

மாட்டின் விருப்பம்

பாளைக்காக நாங்கள் ஒரு மரத்தையும் வெட்டியதில்லை. கமுகு தானாக உதிர்த்ததைத் தோட்டக்காரரிடம் கேட்டுப் பொறுக்கி வருவோம். தைப்பதற்கு வாழைநார், விளிம்புக்குத் தாழையோலை. கத்தரித்த துண்டு விசிறியாகும். அதிலும் மிஞ்சியது அடுப்புக்குப் போகும். இன்று இதற்குப் பெரிய பெயர்கள் வைத்திருக்கிறார்கள். அன்று எங்களுக்கு வேறு பொருள் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

காஞ்சிரங்குளத்துத் தேவசகாயம் தொப்பி வாங்கிச் சென்ற மூன்றாம் வாரமே வெறுந்தலையோடு வந்து நின்றார். கஞ்சி குடிப்பதற்காகத் தொப்பியை வேலியில் மாட்டினாராம். குடித்து முடிப்பதற்குள் அவருடைய மாடு அதை விளிம்பிலிருந்து தொடங்கி முழுவதும் தின்றுவிட்டதாம். தின்னக்கூடிய பொருளில் தொப்பி செய்தது எங்கள் குற்றம் என்பது அவர் வாதம். மாட்டுக்கு ஏதேனும் கோளாறு உண்டா என்று கேட்டேன். அவர் நேர்மையானவர், யோசித்தே பதில் சொன்னார்: "மாட்டுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். ஆனா இப்பம் அது எனக்க தலையைப் பாத்தாலே நாக்கை நீட்டுதாக்கும்."

ஈரத்தோடு இருத்தல்

பாளையை ஊறவைத்து, முன்னும் பின்னும் மடிப்பெடுத்துக் கட்டி, ஈரத்தோடு வாடிக்கையாளரின் தலையில் வைப்போம். அது காயும்வரை அவர் அதைக் கழற்றக் கூடாது. காய்ந்த பிறகு அந்தத் தலையின் மேடும் பள்ளமும் தொப்பிக்கு வந்துவிடும். வேறு எவருக்கும் பொருந்தாது. இதை நான் வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். கூடத்தைப் பார்க்க வந்த போலீஸ் இன்ஸ்பெக்டரிடம், "உங்கள் உடன்பிறந்தவர் எடுத்து வைத்தாலும் நிற்காது" என்றுகூடச் சொன்னேன். அவர் ஒரு தொப்பியை எடுத்துத் தம் தலையில் வைத்துப் பார்த்து, அது சரிந்து விழுந்ததும் தலையசைத்தார். எனக்கு அன்று மிகுந்த திருப்தி.

பெருங்கடவிளையிலிருந்து வந்த வேலப்பன் பிடரியில் நீர் வடிய அரை நாள் பெஞ்சில் இருந்தார். எழ முயன்ற இரண்டு முறையும் நான் பார்த்த பார்வையில் மீண்டும் உட்கார்ந்தார். கடைசியில் அவர் சொன்னது இது: "கல்யாணத்தன்னைக்குக்கூட நான் இவ்வளவு நேரம் ஒரு இடத்தில இருக்கல்ல டீச்சர்."

இரண்டு நிறங்கள்

எங்கள் தாலுகா தமிழோடு சேர வேண்டும் என்பவர்கள் தொப்பி விளிம்பில் ஒரு நிற நாடா கேட்டார்கள். மலையாளத்தோடு இருக்க வேண்டும் என்பவர்கள் வேறு நிறம் கேட்டார்கள். ஒரே நாளில் இரு தரப்பிலிருந்தும் ஆள் வந்தபோது இருவரையும் ‘முடியாது’ என்ற ஒரே சொல்லில் அனுப்பினேன். எல்லை எங்கே வர வேண்டும் என்பதில் எனக்கும் உறுதியான கருத்து உண்டு. கூடத்துக்குள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பாராதிருந்த அந்த இரண்டு பேரும் படியிறங்கும்போது ஒன்றாகவே நடந்தார்கள். அவர்களில் ஒருவர் மற்றவரிடம் சொன்னது என் காதில் விழ வேண்டும் என்றே சொல்லப்பட்டது: "இவங்களுக்குத் தலை மட்டும் போதும், அதுக்க உள்ள இருக்கது வேண்டாம்."

ஓட்டின்மேல் கிடந்தது

ஐப்பசி மழையில் ஒரு நாள், சந்தையருகே இருந்த சர்க்கார் ஆபீசின் கூரையில் யாரோ ஏறித் தமிழர் தரப்புக் கொடியைக் கட்டிவிட்டார்கள். கட்டியவர் தப்பிவிட்டார், அவருடைய தொப்பி மட்டும் ஓட்டின்மேல் கிடந்தது. எங்கள் கூடத்துத் தொப்பி. போலீஸ் ஏட்டு மாதவன் பிள்ளை அதை எடுத்துச் சென்றார். மறுநாள் பிற்பகல் ஸ்டேஷனுக்கு வந்து அது யாருடையது என்று சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆள் வந்தது. இன்ஸ்பெக்டர் என் பெருமையை மறக்கவில்லை.

அது யாருடையது என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. எங்களிடம் மிக நேர்த்தியாகத் தைப்பவள் ஞானபாய். அவள் கணவன் செல்லையன் அன்று வெறுந்தலையோடு நனைந்து வீடு திரும்பியிருந்தான். சந்தையில் சுமை தூக்கி அவன் கொண்டுவருவதில்தான் மூன்று குழந்தைகளும் படுக்கையில் கிடந்த தாயும் வாழ்ந்தார்கள். அவன் சிறைக்குப் போனால் அந்த வீடு நிற்காது. தெரியாது என்று ஒரு சொல் சொல்லும்படி ஞானபாய் கேட்டாள். நான் பொய் சொல்லும்படி வளர்க்கப்பட்டவள் அல்ல. எவருக்காகவும் சொல்ல மாட்டேன் என்றேன். அவள் அழவில்லை. கையிலிருந்த ஊசியைப் பாளையில் குத்தி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஊரு முழுக்கப் பெருமை சொன்னது நீங்களாக்கும் டீச்சர், ஜெயிலுக்குப் போவது எனக்க மாப்பிள."

பதினொரு தலைகள்

ஸ்டேஷன் முற்றத்தில் எங்கள் வாடிக்கையாளர் பதினொரு பேரை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். செல்லையன் ஏழாவதாக நின்றான். இன்ஸ்பெக்டர் தம் கையாலேயே தொப்பியை ஒவ்வொரு தலையிலும் வைத்தார். எல்லாருக்கும் அது பெரிதாக இருந்தது. செல்லையன் தலையில் வைத்தபோது மூக்குவரை இறங்கியது. வேலப்பன் தமக்கு வைத்ததும் இப்போதாவது போகலாமா என்று என்னைக் கேட்டார்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை என்னிடம் நீட்டி, இது யார் தலைக்குப் பொருந்தும் என்று கேட்டார். உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். தையல் ஞானபாயின் தையல்தான். ஆனால் மடிப்புகள் நெகிழ்ந்து, பின்புறம் ஒரு புடைப்போடு புதிதாக இறுகியிருந்தன. அது மறுபடி நனைந்து, வேறொரு தலையில் காய்ந்திருக்கிறது. பின்மண்டை அவ்வளவு புடைத்த தலை அந்த முற்றத்தில் ஒன்றுதான் இருந்தது. அது வரிசையில் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்றது. "இது ஏட்டின் தலைக்குப் பொருந்தும்" என்றேன். வைத்துப் பார்த்தார்கள், அளந்து செய்ததுபோல் உட்கார்ந்தது. யாருக்காகச் செய்தது என்று அவர் கேட்டிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அவர் அப்படிக் கேட்கவில்லை.

மாதவன் பிள்ளை அசையாமல் நின்று விளக்கம் சொன்னார். திரும்பும் வழியெல்லாம் மழை. சர்க்கார் தொப்பி நனைந்தால் குற்றம் என்று அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இதைத் தலையில் வைத்தாராம். பிறகு காலையில் வெயிலில் உட்கார்ந்து அறிக்கை எழுதியபோது கழற்ற மறந்துவிட்டாராம். பதினொரு பேரும் சிரிப்பை அடக்கித் தரையைப் பார்த்தார்கள். செல்லையன் மட்டும் கண்ணை மூடியிருந்தான். இன்ஸ்பெக்டர் கையிலிருந்த அறிக்கைத் தாளைக் கிழித்தார். "அப்பம் கேஸ் உம்ம பேரிலதான் எழுதணும், ஏட்டே."

ஏட்டின் வருகை

இரண்டு வாரம் கழித்து மாதவன் பிள்ளை சாதாரண உடையில் கூடத்துக்கு வந்தார். குளத்தூரில் தம் கமுகந்தோட்டத்தில் உதிர்ந்த பாளைகளைக் கட்டாகத் தோளில் கொண்டுவந்திருந்தார். அவர் குடும்பம் மலையாளக் குடும்பம். எல்லை விஷயத்தில் அவருடைய விருப்பம் செல்லையனின் விருப்பத்துக்கு நேர் எதிரானது. அதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. ஞானபாய் அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

ஈரப் பாளை தலைக்குத் தலை மாறும் என்பது உமக்குத் தெரியாதா என்று நேராகவே கேட்டேன். தம் அப்பன் வாழ்நாள் முழுவதும் பாளைத்தொப்பி வைத்தே வயலில் நின்றவர் என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை, ஆனாலும் பதில்தான். செல்லையனின் வீடு அன்று நின்றது அந்த மனிதரால். என் பெருமை விளைவித்த கேட்டிலிருந்து என்னையும், பொய் சொல்லாமலே, மீட்டவர் அவர்தான். நன்றி சொல்ல நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "நன்னி சொல்லண்டா டீச்சரே. சொன்னா, பின்ன அது நான் செய்ததாவும்."

எல்லை பின்னர் எங்களுக்குத் தெற்கே விழுந்தது, எங்கள் தாலுகா மலையாளத்தோடே நின்றுவிட்டது. அவரும் நாங்களும் ஒரே பக்கத்தில் இருந்தோம். ஒவ்வோர் ஆண்டும் அவர் தோட்டத்துப் பாளைகள் வந்துகொண்டிருந்தன; ஒவ்வோர் ஆண்டும் ஞானபாய் அவருக்கு ஒரு தொப்பி தைத்தாள்; ஓட்டின்மேல் கிடந்த தொப்பியைப் பற்றி எவரும் பேசவில்லை. ஆகவே வாசகர்கள் இங்கே படித்ததை ஒரு கிழவி சொல்லும் நன்றி என்று கொள்ள வேண்டாம். தொப்பித் தொழிலில் நேரக்கூடிய சில சங்கடங்களைப் பற்றிய குறிப்பு இது, அவ்வளவே.