பனிச்சரிவு பதியாத நாட்கள்

1. பூச்சியம்

மெல்பேர்னில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, பனியைக் கண்ணால் கண்டதுண்டா என்று என் மேலாளர் சந்திரா கேட்டார். ஃபிரிட்ஜுக்குள் கண்டிருக்கிறேன் என்றேன். அவர் சென்னைக்காரர்; சிட்னியில், பரமட்டா அலுவலகத்திலிருந்து வீடியோவில் சிரித்தார். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, மாணவியாக இங்கே வந்து புள்ளியியல் படித்தவள்.

நியூசிலாந்தில் ஒரு மலை நெடுஞ்சாலை. அங்கே எந்த நாளில் பனிச்சரிவு வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லும் கணினி மாடலைச் செய்வதுதான் வேலை. சாலைக் குழுத் தலைவர் கிரேக் பல வருடப் பதிவேட்டை அனுப்பினார்: பனியளவு, காற்று, வெப்பநிலை, சரிவு விழுந்ததா இல்லையா. கடைசி நிரலில், சரிவு விழுந்ததா என்ற இடத்தில், நிறைய வெறுங்கட்டங்கள். ஒன்றும் விழாததால் எழுதவில்லை என்று நானாகவே முடிவெடுத்து, எல்லாவற்றிலும் பூச்சியம் போட்டேன்.

மாடல் அழகாக ஓடியது. சோதனையிலும் நல்ல மதிப்பெண். மாடலுக்குக் காட்டாமல் சோதனைக்கு ஒதுக்கிய பழைய நாட்களிலும் என் பூச்சியங்களே இருந்தால் வேறென்ன வரும்?

2. பத்து மணிக்குத் திறக்கும் சாலை

மாடல் வேலைக்கு வந்த முதல் குளிர்காலம். மலையில் இரண்டு நாள் புயல் அடித்து ஓய்ந்த காலை, மெல்பேர்னில் என் கிளென் வேவர்லி வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்து மேசையில் லப்டொப்பைத் திறந்தேன். மாடல் பச்சை காட்டியது. அந்தப் பருவத்திலேயே மிகக் குறைந்த அபாயம். மூடிய சாலையைப் பத்து மணிக்குத் திறக்கலாமா என்று கிரேக் எங்கள் பதிலுக்காகக் காத்திருந்தார். தடுப்புக்கு முன்னால் சுற்றுலா பஸ்கள் வரிசையாக நின்றன.

சந்திரா உற்சாகமாக அழைத்தார். "ரிப்போர்ட்ட அனுப்பிடலாமா?"

இவ்வளவு பனிக்குப் பச்சையா என்று உறுத்தியது. ஐந்து நிமிடம் கேட்டு வாங்கிப் பதிவேட்டில் பழைய புயல் நாட்களைப் பார்த்தேன். அநேகமாக எல்லாம் பூச்சியம். கிரேக்கை அழைத்து, அந்த நாட்களில் உண்மையிலேயே ஒன்றும் விழவில்லையா என்று கேட்டேன். அன்றெல்லாம் சாலை மூடியிருந்தது, போய்ப் பார்க்க ஆளில்லை, அதனால் எழுதவில்லை என்றார், வெகு சாதாரணமாக.

மிக மோசமான நாட்களையெல்லாம் மிகப் பாதுகாப்பான நாட்கள் என்று மாடலுக்குப் படிப்பித்தவள் நான்தான். சந்திராவைத் திரும்ப அழைத்தேன்.

"அக்கா, அனுப்பாதேங்கோ. பிழை என்ர. வெறுங்கட்டத்துக்கெல்லாம் நான் பூச்சியம் போட்டிட்டன்."

"சரி. கிரேக்கிட்ட நீயே சொல்லு, இப்பவே. கான்ட்ராக்ட் போனா போகட்டும்."

சொன்னேன். கிரேக் கோபப்படவில்லை, பஸ்களைத் திருப்பி அனுப்பினார். மதியத்துக்குச் சற்று முன் சரிவு இறங்கியது. அவர் அனுப்பிய படத்தில் சாலையின் ஒரு வளைவையே காணவில்லை.

3. தெரியாது

ஒப்பந்தம் போகவில்லை. அடுத்த வாரம் நானே அங்கே போய், பனியள்ளும் வண்டி ஓட்டுநர்களோடு உட்கார்ந்து பதிவேட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு புயலுக்கும் மறுநாள் சாலையில் பனிக்குவியலை அள்ளியது அவர்கள்தானே. நினைவிருந்த நாட்களுக்குச் சரிவு என்று எழுதினோம். நினைவில்லாத நாட்களுக்கு, தெரியாது என்றே எழுதினோம். புதிய மாடலின் மதிப்பெண் முன்பைவிடக் குறைவு. ஆனால் புயல் நாட்களில் அது சிவப்புக் காட்டியது.

இப்போது எங்களிடம் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது பதிவேட்டை அல்ல, அதை எழுதியவரின் தொலைபேசி எண்ணை. கூப்பிட்டுக் கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால், தெரியாது என்று எழுதுங்கள். அதை வைத்துக் கணக்குப் போடப் புள்ளியியலில் வழி இருக்கிறது. பொய்யான பூச்சியத்தை வைத்துப் போட எந்த வழியும் இல்லை.