ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வீர்கள்?

திங்கட்கிழமை காலையில் எங்கள் சிட்னி ஆஸ்பத்திரித் தேநீர் அறையில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: வார இறுதியில் என்ன செய்தாய்? பெரிய டொக்டரே கேட்பார். ஊரில் பெரிய டொக்டர் வந்தால் கதிரையை விட்டு எழும்பி நிற்போம். இங்கே இவருக்கு எங்கள் ஞாயிற்றுக்கிழமை எதற்கு? "படித்தேன், சேர்" என்பேன். பாராட்டுவார் என்று பார்த்தால், பாவம் என்பதுபோல் தலையாட்டிவிட்டு, தான் மீன் பிடிக்கப் போன கதையைத் தொடங்கிவிடுவார்.

எழுபதுகளின் நடுவில், சிட்னியில், லிட்கமில் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு குழந்தை மருத்துவப் பயிற்சிக்கு விண்ணப்பம் நிரப்பினேன். இடம் கிடைத்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்த கணவரையும் மகளையும் கூப்பிடலாம். இரண்டு வயதில் விட்டுவிட்டு வந்த பிள்ளை. விண்ணப்பத்தில் ஆராய்ச்சிக்கு ஒரு பக்கம். வேலைக்கு வெளியே செய்பவற்றுக்கும் அதேயளவு ஒரு பக்கம். பள்ளிக்கூட வலைப்பந்து அணிக்குத் தலைவியாக இருந்ததை எழுதலாமா என்று உடன் வேலைசெய்த சென்னை மூர்த்தியிடம் கேட்டேன்.

"ஐயோ, வேணாங்க. படிப்புல கவனம் இல்லன்னு நெனச்சுடுவாங்க. ரிசர்ச்சை மட்டும் போடுங்க."

எனக்கும் அதுவே சரியாகப் பட்டது. பள்ளிக்கூடச் சோதனை வந்த ஆண்டில் என் விளையாட்டுச் சப்பாத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டியவர் அப்பா. அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டேன். ஆராய்ச்சிக்கு, வயிற்றோட்டம் வந்த குழந்தைகளைப் பற்றி ஊரில் எழுதிய கட்டுரை. ஈராண்டுகள் கட்டில் கட்டிலாக நடந்து ஒவ்வொரு பிள்ளையையும் தராசில் நிறுத்துக் குறித்தவள் நான். எழுதியவளும் நான். ஆனால் பெரியவர்கள் இருவரின் பெயரை முன்னால் போட்டு, என் பெயரைக் கடைசியில் போட்டிருந்தேன். மரியாதை என்றால் அதுதானே.

நேர்முகத்தில் மூன்று பேர். நடுவில் இருந்தவர், "இந்தக் கட்டுரையில் உங்கள் பங்கு என்ன?" என்றார்.

"எல்லாம் பெரியவர்கள் வழிகாட்டியது, சேர். நான் கொஞ்சம் உதவினேன்."

மனிதர் அப்படியே நம்பிவிட்டார்! ஊரில் என்றால், முழு வேலையும் நான்தான் செய்தேன் என்று அந்தப் பதிலிலேயே விளங்கியிருக்கும். அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வெறுமை. "ஞாயிற்றுக்கிழமையில் என்னதான் செய்வீர்கள்?"

படிப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன், வந்தது வேறு. மகளுக்குக் கடிதம் எழுதுவேன் என்றேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது, அதனால் படமாகவே கீறுவேன்; ஊசிக்குப் பயந்து ஓடும் கங்காரு, கண்ணாடி போட்ட கிளி. முதலில் வார்டுப் பிள்ளைகளிடம் காட்டுவேன், அவர்கள் சிரிக்காததை அனுப்பமாட்டேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். இடம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்று கேட்டார். தாய் செய்வதை யாராவது விண்ணப்பத்தில் எழுதுவார்களா?

இடம் கிடைத்தது. விசா அலுவல்கள் முடிந்து இருவரும் வந்து இறங்கியபோது மகளுக்கு ஐந்து வயது நெருங்கியிருந்தது. விமான நிலையத்தில் தகப்பனின் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள்.

"அப்பா, இந்த அன்ரியும் எங்களோட வாறாவோ?"

"அம்மாவடி குஞ்சு, அம்மா."

அவள் நம்பவில்லை. அள்ளி எடுக்கக் கை பறந்தது. ஆனால் பயந்த பிள்ளையை எட்டிப் பிடிக்கக்கூடாது என்பதுதானே நான் இந்த நாட்டில் தினமும் செய்த தொழில் கற்பித்தது. வார்டில் புதிதாக வந்த பிள்ளையின் முன்னால் செய்வதுபோல, அவள் உயரத்துக்குக் குந்தி, தொடாமல், அவளாக வரட்டும் என்று காத்திருந்தேன்.