தோட்டாவுக்கு நெற்றி எது?

நான் ஒரு மடையன். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. என் மச்சான் சொன்னால் இன்னும் நாலு சேர்த்துச் சொல்வான். துப்பாக்கித் தோட்டாவுக்குச் சந்தனப் பொட்டு வைத்தவன் நான். ஏதோ ஒன்றுக்கு வைத்தேன் என்றால்கூடப் பரவாயில்லை. இரண்டு பெட்டித் தோட்டாவுக்கு, ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, பக்தியோடு வைத்தேன்.

திருநகரில் மோட்டார் பம்பு வியாபாரம் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பேரையூர்ப் பக்கம் கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கும் எங்கள் ரைபிள் கிளப்பில் கிடப்பேன். கிடப்பேன் என்றால் நிஜமாகவே கிடப்பதுதான். குப்புறப் படுத்துச் சுடுகிற போட்டிதான் எனக்குத் தோது. நின்றால் தொப்பை ஆடுகிறது, தொப்பை ஆடினால் ரைபிளும் ஆடுகிறது. படுத்துச் சுட்டாலும் என் குண்டுகள் பெரும்பாலும் இலக்கு அட்டையைத் தொந்தரவு செய்யாமல் பின்னால் இருக்கும் மண்மேட்டுக்குப் போய்விடும். அந்த மேட்டில் புல் முளைக்காததற்கு நான்தான் காரணம் என்பான் மச்சான். அவன் என் மனைவியின் அண்ணன், கிளப்புக்கும் பொறுப்பாளன். தோட்டா இருக்கும் இரும்புப் பீரோவின் சாவி அவன் இடுப்பை விட்டு இறங்காது.

எங்கள் கிளப்பில் உருப்படியாகச் சுடுகிற ஆள் ஒருவர்தான், கோச்சடையிலிருந்து ஸ்கூட்டரில் வரும் டீச்சர். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே கிளப்புக்கு வருவார், பேச்சு குறைவு. போன வருஷம் மாவட்டப் போட்டியில் மயிரிழையில் அவருக்கு மாநிலப் போட்டி தவறிப்போனது. பாதியில் தோட்டா தீர்ந்து வேறு பெட்டியைத் திறந்தோம். அதுவரை நட்டநடுவில் விழுந்துகொண்டிருந்த குண்டு, புதுப் பெட்டியில் இடப்பக்கமாக இறங்கிவிட்டது. "அடுத்த வருசம் மக பிளஸ் டூ. இந்தத் தடவை விட்டா, அப்புறம் நான் துப்பாக்கியத் தொட முடியாது," என்று இந்த வருஷம் சொல்லியிருந்தார்.

ஆக, இந்த முறை அவருக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது பெரிய காரியம். அதை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஏன் என்னிடம் என்று கேட்கலாம். என் குண்டு அட்டையில் படாதபோதெல்லாம் நான் தோட்டாவைத்தான் குறை சொல்வேன். வாராவாரம் குறை சொல்லிச் சொல்லி, கிளப்பில் எனக்குத் தோட்டா நிபுணன் என்று பெயர் வந்துவிட்டது.

குறை சொல்வதற்குத் தோதான சாமான்தான் அது. எங்கள் பாயிண்ட் டூ டூ தோட்டா அரை விரல் நீளம் இருக்கும். தீப்பிடிக்கிற மருந்து பின்பக்க விளிம்புக்குள் வட்டமாகத் தடவியிருக்கும். அது ஒன்றில் கூடவும் ஒன்றில் குறையவும் இருந்தால் குண்டுகள் ஆளுக்கொரு வேகத்தில் போகும். ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே பெட்டி என்றாலும் லாட் நம்பர், அதாவது ஒரே தடவையில் செய்த தொகுதியின் நம்பர், மாறினால் குணம் மாறிவிடும். போதாததற்கு, என் ரைபிளுக்குப் பிடித்த தோட்டா டீச்சர் ரைபிளுக்குப் பிடிக்காது. ஜாதகப் பொருத்தம் மாதிரிதான். என்ன, இதைப் பஞ்சாங்கத்தில் பார்க்க முடியாது, சுட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நான் நிபுணன் ஆயிற்றே, சுடாமலே பார்க்க நினைத்தேன். எல்லாவற்றையும் எடை போட்டு, ஒரே எடை உள்ளதாகப் பொறுக்கிவிடலாம், தெரிந்த நகைக்கடையில் தங்கத் தராசு இருக்கிறது என்றேன்.

"போ மாப்ள," என்றான் மச்சான். "தோட்டாவோட நகைக்கடைக்குள்ள போ. தோட்டாவ எடை பாக்க மாட்டாக, ஒன்னயத் தூக்கி உள்ள வைப்பாக. எந்தங்கச்சிக்கு நான் பதில் சொல்லணும்."

கடைசியில் காற்று அடங்கியிருந்த ஒரு காலையில் டீச்சரின் ரைபிளை மேசையில் கட்டையோடு இறுக்கி, பெட்டிக்கு அஞ்சு குண்டு வீதம் சுட்டோம். இருப்பதிலேயே விலை கூடிய தோட்டா தோசைக்கல் அகலத்துக்குச் சிதறியது. எனக்கு மனசே கேட்கவில்லை, இன்னொரு தடவை சுடச் சொன்னேன். தோசை ஊத்தப்பம் ஆனதுதான் மிச்சம். சிவப்புப் பெட்டி ஒன்றில் ஓட்டைமேல் ஓட்டை விழுந்து, அஞ்சும் ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கின. அந்த லாட்டில் கிளப்பில் இருந்ததே இரண்டு பெட்டிதான். போட்டிக்குச் சரியாக இருக்கும்.

மூலை கிழிந்த நீலப் பெட்டிகள் கொஞ்சம் பீரோவின் அடியில் கிடந்தன. "இதையும் பாத்துருவமா சார்?" என்றார் டீச்சர்.

"அது புதுசா வர்றவுகளுக்குப் பழகக் குடுக்கறது டீச்சர். வெலையப் பாத்தாலே தெரியலையா," என்றேன். விலை கூடியது தோசைக்கல்லாகச் சிதறிய அட்டை கண்முன்னே இருக்கும்போதுதான் இதைச் சொன்னேன்.

அந்த வாரம் ஆயுத பூசை வந்தது. ரைபிள்களை எல்லாம் வெள்ளைத் துணி விரித்து அடுக்கி, மாலை போட்டு, பொட்டு வைத்தோம். என் மனைவி கொண்டைக்கடலைச் சுண்டல் செய்து அனுப்பியிருந்தாள். டீச்சர் ஓரமாக நின்று, பூசை முடிந்ததும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு எனக்கு ஒரு உறுத்தல். ரைபிளுக்குப் பொட்டு இருக்கிறது, பூட்டுக்கு இருக்கிறது, மச்சானின் பைக்குக்குக்கூட இருக்கிறது. இலக்கில் போய் விழப்போகிற தோட்டாவுக்கு இல்லையே.

"வையேன். அதும் ஆயுதந்தான," என்றான் மச்சான், வாய் நிறையச் சுண்டலோடு.

"தோட்டாவுக்கு நெத்தி எது மச்சான்?"

அவன் யோசித்து மென்றான். "முன்னாடி போறதுதான மொகம்."

அப்படியானால் ஈயக் குண்டின் நுனிதான். சிவப்புப் பெட்டியைத் திறந்து முதல் தோட்டாவுக்குப் பொட்டு வைத்தேன். நிற்கவில்லை. குண்டின்மேல் ஏதோ பிசுக்கு இருந்தது. சாமி காரியத்தில் பிசுக்கு இருக்கலாமா? வேட்டி நுனியால் அழுத்தித் துடைத்துவிட்டு வைத்தேன், நின்றது. இரண்டு பெட்டியையும் அப்படியே துடைத்துத் துடைத்துப் பொட்டு வைத்து, தலைகீழாக அதனதன் குழியில் செருகிவிட்டேன்.

போட்டிக்கு முந்தின நாள் டீச்சர் பெட்டியைத் திறந்து ஒரு தோட்டாவை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார்.

"இது என்ன?"

"சந்தனம் டீச்சர். பூசைல வச்சது."

"இதுல மெழுகு இருந்துச்சே?"

குழாய்க்குள் குண்டு வழுக்கிப் போவதற்காகக் கம்பெனிக்காரன் பதமாகப் பூசி அனுப்பிய மெழுகு அது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மெழுகு என் வேட்டியில் இருந்தது. வேட்டி சலவைக்குப் போயிருந்தது.

"தொடச்சுட்டா சரியாயிரும்," என்றேன். சந்தனத்தைத் தன் ரைபிளுக்குள் ஏற்ற மாட்டேன் என்றார் அவர். சரியென்று காய்ந்த சந்தனத்தைச் சுரண்டித் துடைத்து, என் ரைபிளை மேசையில் இறுக்கி, என் கை படாமலே சுட்டுக் காட்டினேன். அஞ்சு குண்டும் பொரி இறைத்த மாதிரி விழுந்தன.

மச்சான் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தான். "மாப்ள, நீயே படுத்துச் சுட்ட மாதிரி இருக்கே."

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அட்டையை வாங்கிப் பெஞ்சில் உட்கார்ந்து ஓட்டைகளுக்கு நடுவே விரலால் அளந்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அப்புறம் எழுந்துபோய் பீரோவின் அடியிலிருந்து கிழிந்த நீலப் பெட்டிகளை எடுத்து வந்தார். ஒவ்வொன்றிலும் லாட் நம்பர் ஒன்றுதானா என்று பார்த்தார். தன் ரைபிளை இறுக்கி அஞ்சு குண்டு சுட்டார். ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கவில்லைதான், ஆனால் அஞ்சு ரூபாய்க் காசு அதை மூடியது. என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எனக்கு மண்மேட்டுக்குள் புதைந்துகொள்ளத் தோன்றியது. அங்கே ஏற்கெனவே என் குண்டுகள் நிறைய இருப்பதால் இடம் இருக்காது.

மறுநாள் போட்டியில் அவருக்குப் பின்னால் நின்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அவுக மூச்சப் பிடிச்சாப் போதும், நீ விடு," என்றான் மச்சான். நடுவில் ஒரு குண்டு வெளியே விலகியபோது என் கண் தானாக மூடிக்கொண்டது. டீச்சர் ரைபிளை இறக்கி, துணியில் கை துடைத்து, காற்றுக் கொடி அடங்கும்வரை காத்திருந்து மறுபடி சுட்டார். அதற்கப்புறம் எதுவும் விலகவில்லை. அட்டைகளை எண்ணி முடித்தபோது, மாநிலப் போட்டிக்கு வேண்டிய புள்ளியைத் தாண்டிக் கொஞ்சம் மிச்சமும் இருந்தது.

ஸ்கூட்டர் பக்கத்தில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"டீச்சர், மாநிலப் போட்டிக்கும் தோட்டா பாக்கணும்ல? வார ஞாயித்துக்கெழம நான் வெள்ளன வந்துரவா?"

அவர் ஹெல்மெட்டை மாட்டி, வாரை இழுத்துப் பூட்டினார்.

"சுண்டல் மட்டும் கொண்டு வாங்க."